கையடக்க ஜிபிஎஸ்ஸில் எழுதிய ஜியோகேச் லாக்: ஏற்றும் முன் திருத்தும்போது வரும் பிழைகள், அறிகுறி வாரியாக

ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை, அதாவது கேச்சை, ஜிபிஎஸ் புள்ளியை வைத்துத் தேடி எடுத்து, அதைப் பற்றிய குறிப்பை லாக்காக ஜியோகேச்சிங் தளத்தில் பதிவதுதான் ஜியோகேச்சிங் விளையாட்டு. கார்மின் இட்ரெக்ஸ், ஜிபிஎஸ்மேப், ஒரேகான் வரிசைக் கருவிகளில் ஒரு கேச்சை எடுத்ததாகப் பதிந்ததும், கருவியின் உள் நினைவகத்தில் கார்மின் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேரும். அந்த ஃபைலின் பெயர் ஜியோகேச் விசிட்ஸ். இனி இதை விசிட்ஸ் ஃபைல் என்றே சொல்வோம். ஒவ்வொரு வரியிலும் நான்கு துண்டு: ஜிசி என்று தொடங்கும் கேச் குறியீடு, தேதியும் நேரமும், லாக்கின் வகை, கடைசியாக இரட்டை மேற்கோள் குறிக்குள் நீங்கள் தட்டிய குறிப்பு. நடுவில் கமா. தளத்தில் ஏற்றும்போது இந்த வரிகள்தான் டிராஃப்ட்களாக வந்து நிற்கும். பழைய ஆட்கள் ஃபீல்டு நோட்ஸ் என்பது இதைத்தான். டிராஃப்ட் உங்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து பதிப்பித்த பிறகுதான் கேச் வைத்தவருக்குப் போகும்.

இட்ரெக்ஸில் குமிழைத் தள்ளித் தள்ளி ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும். தமிழ்ப் பலகையும் கிடையாது. கானாடுகாத்தான் தெருவில் மதியம் இரண்டு மணி வெயிலில் நின்றுகொண்டு அதில் நாலு வாக்கியம் எழுத யாருக்கும் பொறுமை இருக்காது. எனவே களத்தில் சுருக்கக் குறிப்பு, வீட்டில் கணினியில் முழு லாக் என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கோளாறெல்லாம் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் வரும். காரணமும் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி பைட்களாகச் சேமிக்கும் முறை), மேற்கோள் குறி, கடிகாரம்.

தொடங்கும் முன் ஒரு பழக்கம். விசிட்ஸ் ஃபைலைக் கருவியில் வைத்தே திருத்தாதீர்கள். கணினிக்கு ஒரு நகல் எடுங்கள். அந்த நகலையும் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொரு நகலில் வேலை செய்யுங்கள். திருத்திய ஃபைலை மறுபடி கருவிக்குள் போடவே கூடாது. ஏன் என்பது கீழே வரும்.

கருவியைச் செருகினால் கணினியில் எதுவும் தெரியவில்லை, அல்லது ஃபைலைக் காணோம்

முதல் சந்தேகம் கேபிள் மீது விழட்டும். இட்ரெக்ஸ் 20, 30, 22எக்ஸ், 32எக்ஸ் எல்லாமே மினி யுஎஸ்பி. இப்போது கடையில் மினி யுஎஸ்பி என்று கேட்டு வாங்கினால் சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளைக் கொடுத்துவிடுவதுண்டு. அதில் தகவல் கம்பிகளே இருக்காது. கருவியின் விளக்கு எரியும், டிரைவ் வராது. பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்த கேபிள் வீட்டில் கிடந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

கேபிள் சரி என்றால் கருவியின் அமைப்புகளில் சிஸ்டம், அதற்குள் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ஸ்பேனர் என்ற தேர்வு இருந்தால், செருகியதும் கருவி டிரைவாகப் போகலாமா என்று திரையில் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆம் சொல்ல வேண்டும். புதிய கருவிகளில் சில எம்டிபி முறையில் இணையும். விண்டோஸில் டிரைவ் எழுத்து இல்லாமல் கருவியின் பெயரோடு தெரியும், மேக்கில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும்.

மைக்ரோ எஸ்டி அட்டை போட்டிருந்தால் இரண்டு டிரைவ் வரும். விசிட்ஸ் ஃபைல் உள் நினைவகத்தில் இருப்பது, அட்டையில் தேடிப் பயனில்லை. ஒரு லாக்கும் பதியாத கருவியில் ஃபைலே இருக்காது.

தளத்திலிருந்து பொத்தானை அழுத்தி நேரே கருவிக்கு அனுப்பும் பழைய முறையைச் சொல்லும் வழிகாட்டிகள் இன்னும் சுற்றுகின்றன. அந்த முறைக்கு வேண்டிய பிளக்இன்னை இன்றைய பிரவுசர்கள் ஏற்பதில்லை. ஃபைலை எடுத்து ஏற்றுவதே வழி.

தமிழ் எல்லாம் கேள்விக்குறி, அல்லது எழுத்துக்கு எழுத்து இடைவெளி

கார்மின் இந்த ஃபைலை யுடிஎஃப்-16 எல்இ என்ற குறியாக்கத்தில் எழுதுகிறது. ஆங்கில எழுத்துக்குக்கூட இரண்டு பைட். இந்த விவரம் தெரியாத எடிட்டர் அதைத் திறந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் ஒரு வெற்றிடமோ கறுப்புக் கட்டமோ தெரியும். அது ஃபைல் கெட்டதன் அடையாளம் அல்ல. சேமிக்காமல் மூடிவிட்டு வேறு எடிட்டரில் திறந்தால் போதும்.

தமிழ் கேள்விக்குறியாக மாறியிருந்தால் நிலைமை வேறு. ஃபைலை ஆன்சி என்ற தேர்வில் சேமித்திருக்கிறீர்கள். ஆன்சியில் தமிழுக்கு இடமில்லை. ஒவ்வோர் எழுத்தும் நிஜமாகவே கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டது, திரும்ப மீட்க முடியாது. முதல் நகலை எடுத்து மறுபடி எழுத வேண்டியதுதான்.

விண்டோஸ் நோட்பேடில் சேவ் ஆஸ் போட்டால் அடியில் என்கோடிங் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் யுடிஎஃப்-16 எல்இ இருக்க வேண்டும். பழைய நோட்பேடில் அதன் பெயர் வெறுமனே யூனிகோட். இருக்கிற ஃபைலைத் திறந்து கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் குறியாக்கம் மாறாது. வரிகளை நகலெடுத்துப் புதிய ஃபைலில் ஒட்டும்போதுதான் மாறிவிடும், ஏனென்றால் புதிய ஃபைலுக்கு இப்போதைய நோட்பேடின் இயல்பு யுடிஎஃப்-8.

நோட்பேட் பிளஸ் பிளஸ் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றில் ஏமாறுவார்கள். என்கோடிங் மெனுவில் ஒரே பெயர்கள் இரண்டு முறை வரும். மேலே இருப்பவை, இருக்கும் பைட்களை வேறு குறியாக்கமாக வாசிக்கச் சொல்பவை. கீழே கன்வர்ட் என்று தொடங்குபவைதான் எழுத்தை மாற்றாமல் குறியாக்கத்தை மட்டும் மாற்றுபவை. மேலே உள்ளதை அழுத்தித் திரை முழுக்கச் சீன எழுத்து வந்தால் பதறாமல், சேமிக்காமல் மூடுங்கள். பிறகு கன்வர்ட் பட்டியலில் யுடிஎஃப்-16 எல்இ பிஓஎம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பில் யுசிஎஸ்-2 எல்இ பிஓஎம் என்று இருக்கும்.

திருத்தியதைக் கருவிக்குள் திரும்பப் போடக் கூடாது என்றதற்கும் காரணம் இதுதான். யுடிஎஃப்-8 ஃபைலை உள்ளே வைத்துவிட்டால், அடுத்த கேச் எடுக்கும்போது கருவி அதன் வாலில் தன் வழக்கப்படி யுடிஎஃப்-16 வரியை ஒட்டும். பாதி ஒரு குறியாக்கம், பாதி வேறு. எந்த எடிட்டரில் திறந்தாலும் ஒரு பாதி குப்பையாகவே தெரியும்.

இன்னொரு வகைக் குப்பையும் உண்டு. திரையில் தமிழாகத் தெரிந்தது, தளத்தில் ஏற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளமாக வந்தால், அது பாமினி எழுத்துருவில் தட்டியது. டிடிபி வேலை பழகியவர்களுக்கும் அச்சகத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்தவர்களுக்கும் வருவது. பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்ட எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும். விரல் பாமினிக்கே பழகியிருந்தால் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பை வைத்துக்கொண்டு யூனிகோடில் தட்டலாம். இல்லையென்றால் தமிழ் 99 விசை அமைப்பு.

ஏற்றினால் ஒரு டிராஃப்டும் வரவில்லை, அல்லது சில வரிகள் மட்டும் வரவில்லை

ஒன்றுமே வரவில்லை என்றால் குறியாக்கத்தை மறுபடி பாருங்கள். அடுத்து ஃபைலின் நீட்சி. நோட்பேடில் சேமிக்கும்போது டெக்ஸ்ட் என்ற நீட்சி இரண்டு முறை சேர்ந்திருக்கலாம், அல்லது வேர்டு ஃபைலாகவே சேமித்திருக்கலாம்.

வேர்டில் எழுதி ஒட்டுவதால் வரும் தொல்லை தனி. வேர்டு நேரான இரட்டை மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் குறிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தளம் பார்ப்பது நேரான குறியை வைத்து. வளைந்த குறியை அது வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். முழு ஃபைலையும் வேர்டில் திறந்து திருத்துவதைவிட, குறிப்பின் உரையை மட்டும் எங்கே வேண்டுமானாலும் எழுதி, இரண்டு நேரான குறிகளுக்கு நடுவில் ஒட்டுவது பத்திரம்.

எக்செலில் திறக்கலாமே என்று தோன்றும். கமா பிரித்த ஃபைல்தானே? திறக்கலாம், சேமிக்கும்போது வினை. மேற்கோள் குறிகளை அது தன் விதிப்படி வைக்கும்: கமா உள்ள குறிப்புக்குப் போடும், இல்லாததற்கு எடுத்துவிடும். தேதிப் பத்தியை வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் போச்சு. இருபது முப்பது வரிக்கு எக்செல் தேவையே இல்லை.

சில வரிகள் மட்டும் விடுபட்டால் லாக் வகைத் துண்டைப் பாருங்கள். ஃபவுண்ட் இட், டிட்ன்ட் ஃபைண்ட் இட், ரைட் நோட் என்று ஃபைலில் ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களை ஓர் எழுத்துகூட மாற்றாமல் விட வேண்டும். குறிப்பைத் தமிழாக்கும் உற்சாகத்தில் வகையையும் தமிழாக்கினால் தளத்துக்குப் புரியாது. அன்அட்டெம்ப்டட் என்ற வகையில் ஒரு வரி இருந்தால், கருவியில் கை தவறி "முயலவில்லை" என்பதை அழுத்தியிருக்கிறீர்கள். அந்த வரியை நீக்கிவிடலாம்.

கேச்சுக்குப் பராமரிப்பு தேவை என்ற வகையைத் தளம் இப்போது ஓனர் அட்டென்ஷன் ரிக்வெஸ்டட் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறது. கருவிகளில் பழைய பெயரே இருக்கும். அதை ஃபைலில் நம்பி விடாமல், டிராஃப்டைப் பதிப்பிக்கும் படிவத்தில் கையாலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

குறிப்பு பாதியில் நின்றுவிட்டது

குறிப்புக்குள் இன்னோர் இரட்டை மேற்கோள் வந்திருக்கும். உதாரணமாக, கேச் பெயரையோ வழியில் பார்த்த பெயர்ப்பலகையையோ மேற்கோளில் எழுதியிருப்பீர்கள். தளம் இரண்டாவது குறியைக் கண்டதும் குறிப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே மேற்கோள் தேவையென்றால் ஒற்றைக் குறி போடுங்கள்.

எத்தனை வரியில் இது நடந்திருக்கிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒழுங்கான ஃபைலில் இரட்டை மேற்கோளின் எண்ணிக்கை, கேச் வரிகளின் எண்ணிக்கையைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருக்கும். எடிட்டரின் தேடு பெட்டியில் கவுண்ட் அழுத்திப் பாருங்கள். அதிகம் இருந்தால் உள்ளே எங்கோ ஒரு குறி நுழைந்திருக்கிறது. குறைந்தால் ஒட்டும்போது ஒன்றை அழித்திருக்கிறீர்கள். அப்படி அழிந்தால் அந்த வரி அடுத்த வரியையும் விழுங்கிவிடும். இரண்டு கேச் ஒன்றாகி வருவது இதனால்தான்.

மேற்கோளுக்குள் கமா வரலாம், பத்தி பிரிக்க என்டர் அழுத்தலாம். அவற்றால் கெடுதல் இல்லை. உரையின் நீளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, ஒரு லாக்குக்கு 4000 எழுத்து. அது கணினிக் கணக்கு. நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் 'கோ' அதற்கு இரண்டு, 'க்ஷௌ' நான்கு. எனவே தமிழில் எழுதுபவருக்குக் கையில் கிடைப்பது சொன்ன எண்ணைவிடக் குறைவு. அத்தனை நீளமாக எழுதுவோர் குறைவுதான் என்றாலும், ஒரு நாள் பயணத்தின் முழுக் கதையையும் ஒவ்வொரு லாக்கிலும் ஒட்டுகிறவர்கள் இதில் முட்டுவார்கள்.

தேதி ஒரு நாள் முன்னால் விழுகிறது

கருவியின் திரையில் இந்திய நேரம் தெரியும். ஃபைலில் எழுதுவது உலகப் பொது நேரம். நேரத்தின் கடைசியில் நிற்கும் இசட் என்ற எழுத்து அதற்கான அடையாளம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. நள்ளிரவுக்கும் காலை 5:30க்கும் இடையில் எடுத்த கேச் எல்லாம் ஃபைலில் முந்தைய நாளாகத்தான் இருக்கும்.

பகலில் மட்டும் கேச் தேடுபவர் இதைக் கவனிக்கவே மாட்டார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் நகரத்தார் காவடியோடு போகிறவர் கதை வேறு. வெயிலுக்கு முன் பின்னிரவிலேயே நடை தொடங்கிவிடும். வழியில் 21ஆம் தேதி அதிகாலை 4:40க்கு ஒரு கேச்சை எடுத்தால், ஃபைலில் 20ஆம் தேதி 23:10 என்று பதிவாகும். அதே நாள் காலை ஏழு மணிக்கு எடுத்தது 21ஆம் தேதி 01:30. ஒரே நடையில் எடுத்தவை இரண்டு நாளாகப் பிரிந்துவிடும்.

திருத்த வேண்டிய வரிகளைக் கண்டுபிடிக்க, நேரம் 18:30க்கும் 23:59க்கும் இடையில் உள்ளவற்றைத் தேடுங்கள். அவை நமக்கு மறுநாள். தேதியை ஒன்று கூட்டி, நேரத்தை 12:00 என்று வையுங்கள். பன்னிரண்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பொது நேரம் 12:00 என்பது நமக்கு மாலை 5:30, தளத்தின் தலைமையகம் இருக்கும் சியாட்டிலில் அதே தேதியின் அதிகாலை. எந்தப் பக்கம் கணக்கிட்டாலும் தேதி மாறாது. ஒரே நாளில் பல கேச் இருந்து வரிசை முக்கியம் என்றால் அன்றைய எல்லா வரிக்கும் 12:00, 12:01, 12:02 என்று எடுத்த வரிசையில் கொடுங்கள். நூறாவது, இருநூறாவது கேச் எது என்று கணக்கு வைப்பவர்களுக்கு இந்த வரிசை உயிர்நாடி. கோடிட்ட வடிவமும் நடுவில் உள்ள டி எழுத்தும் கடைசி இசட்டும் அப்படியே இருக்கட்டும், எண்களை மட்டும் மாற்றுங்கள். பதிப்பிக்கும் முன் படிவத்தில் தேதிக் கட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

தேதி இருபது ஆண்டு பின்னால் போய்விட்டது

பழைய கருவிகளில் வருவது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0க்குப் போகும். 1999 ஆகஸ்டில் ஒரு முறை, 2019 ஏப்ரலில் மறு முறை அப்படித் திரும்பியது. இதை அறியாத பழைய மென்பொருள் உள்ள கருவி 1024 வாரம், அதாவது 7168 நாள் பின்தங்கிய தேதியைக் காட்டும். 2024 ஜனவரி 14 ஞாயிற்றுக்கிழமை எடுத்தது 2004 மே 30 என்று பதிவாகும். கிழமை மட்டும் சரியாக இருக்கும், ஏனென்றால் பிசகு முழு வாரங்களில்தான். நேரமும் சரியாக இருக்கும். எக்செலில் தேதியோடு 7168 கூட்டினால் உண்மைத் தேதி கிடைத்துவிடும். இதற்கு மட்டும் எக்செல் உதவும். கருவிக்குப் புதிய மென்பொருள் இருந்தால் கார்மின் எக்ஸ்பிரஸ் வழியாக ஏற்றுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கைக்கணக்குத்தான்.

ஏற்கெனவே பதிந்த லாக் எல்லாம் மறுபடி டிராஃப்டாக வருகிறது

விசிட்ஸ் ஃபைல் தானாகக் காலியாவதில்லை. போன வருடம் எடுத்ததும் அதில்தான் கிடக்கும். ஏற்றும் பக்கத்தில், குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய லாக்குகளை விட்டுவிடும் தேர்வு இருக்கிறது, அதைக் குறியிடலாம். மேலே சொன்ன தேதிக் கோளாறு உள்ள கருவியில் இந்தத் தேர்வு எதிராக வேலை செய்யும், 2004 என்று பதிந்த புதிய லாக்கையும் சேர்த்து விட்டுவிடும்.

இதைவிடச் சுத்தமான வழி: ஏற்றி முடித்ததும் கருவியில் உள்ள விசிட்ஸ் ஃபைலை, தேதியைப் பெயரில் சேர்த்துக் கணினிக்கு நகர்த்திவிடுங்கள். அடுத்த லாக்கின்போது கருவி தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். மேக்கில் அழித்தால் ஃபைல் கருவிக்குள்ளேயே மறைந்த குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். தொட்டியைக் காலி செய்த பிறகு இஜெக்ட் கொடுங்கள்.

ஒரே கேச்சுக்கு இரண்டு வரி இருந்தால் அவசரப்பட்டு ஒன்றை அழிக்காதீர்கள். காலையில் கிடைக்கவில்லை, மாலையில் திரும்பிப் போய் எடுத்தது என்றால் இரண்டும் முறையான லாக்தான். கேச் வைத்தவருக்கு அந்த முதல் வரியும் பயனுள்ள தகவல்.

எல்லா லாக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. சுருக்கக் குறியீட்டை விரித்தால் கேச் குறியீடே மாறிவிடுகிறது

களத்தில் சுருக்கமாகத் தட்டி, வீட்டில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் மூலம் விரிப்பதுதான் உருப்படியான வழி. ஆனால் குறியீட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊருணிக்குக் கேகே, முள்ளுக்கு எம்எம் என்று இரண்டெழுத்து வைத்துக்கொண்டால், ஏதோ ஒரு கேச்சின் ஜிசி குறியீட்டுக்குள்ளும் அதே இரண்டெழுத்து இருக்கும். ரீப்ளேஸ் ஆல் அழுத்தியதும் அந்தக் குறியீட்டின் நடுவில் உங்கள் வாக்கியம் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வரி ஏறாது.

ஜிசி குறியீடுகளில் ஐ, எல், ஓ, எஸ், யு ஆகிய ஐந்து ஆங்கில எழுத்துகள் வருவதில்லை. அதனால் இவற்றில் ஒன்றைக் கொண்டு குறியீடு அமைத்தால் மோதவே மோதாது. ஓ எழுத்தும் பூஜ்யமும் சிறிய திரையில் ஒன்றுபோல் தெரியும், அதை விடுங்கள். ஐ எழுத்துக்கும் ஒன்றுக்கும் அதே குழப்பம். எல் எழுத்தைப் பெரிய எழுத்தாக இரண்டு முறை தட்டி, பின்னால் இரண்டு இலக்க எண் போடுங்கள்: எல்எல்01, எல்எல்02. எண் கட்டாயம் இரண்டு இலக்கமாக இருக்கட்டும். ஓர் இலக்கமாக வைத்தால், எல்எல்1ஐ மாற்றும்போது எல்எல்10, எல்எல்12 எல்லாவற்றின் தலையும் சேர்ந்து மாறிவிடும். ரீப்ளேஸ் பெட்டியில் மேட்ச் கேஸ் குறியிட மறக்க வேண்டாம்.

செட்டிநாட்டுப் பக்கம் திரும்பத் திரும்ப எழுத வருபவை இவைபோல இருக்கும்:

எல்எல்01: ஊருணிப் படித்துறை வழியாக வந்தோம், தண்ணீர் நிறைந்திருக்கிறது, வடகரை வழிதான் நடக்க வசதி.
எல்எல்02: கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக்கருவேலம், கனத்த செருப்பு இல்லாமல் வர வேண்டாம்.
எல்எல்03: தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் காத்திருந்து எடுத்தோம்.
எல்எல்04: லாக் புத்தகம் நனைந்திருக்கிறது, டப்பாவின் மூடியில் விரிசல்.
எல்எல்05: உயரமான சுவர்களால் ஜிபிஎஸ் அங்குமிங்கும் ஓடியது.

களத்தில் தட்டுவது எல்எல்03 எல்எல்05, அதோடு அந்த இடத்துக்கே உரிய இரண்டு சொல். அந்த இரண்டு சொல்தான் முக்கியம். "முகப்புத் தூண்", "ஆத்தங்குடிக் கல் உடைசல்" என்று தட்டி வைத்தால் மாலையில் உங்களுக்கு மட்டும் எல்லாம் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை அப்படியே லாக்கில் விட்டால் ஒளித்த இடம் அம்பலம். எனவே விரிக்கும்போது அதை எடுத்துவிட்டு, பார்த்ததைப் பற்றி ஒரு வாக்கியமாக்குங்கள். வார்ப்பு வாக்கியங்களை மட்டும் அடுக்கிப் பத்து கேச்சுக்கும் ஒரே லாக்கைப் பதிவது கேச் வைத்தவருக்கு மரியாதை இல்லை. அவர் டப்பா வாங்கி, இடம் பார்த்து, அனுமதி கேட்டு வைத்திருக்கிறார். ஒரு கேச்சுக்கு ஒரு சொந்த வாக்கியமாவது எழுதலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் வைத்த கேச் என்றால் தமிழுக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

விரித்து முடித்ததும் எல்எல் என்று ஒரு முறை தேடுங்கள். ஒன்றும் கிடைக்கக் கூடாது. அடுத்து, கருவியில் அவசரத்துக்குத் தட்டிய சொந்தக் குறிப்புகளையும் தேடி எடுங்கள். பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனின் கைபேசி எண், எந்த ஆச்சியிடம் சாவி இருக்கிறது, பின்கட்டுக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் லாக்கில் போகக் கூடாத விவரங்கள். பாதி வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பவை. பதிப்பித்த லாக்கை யாரும் வாசிக்கலாம்.

பதிப்பித்ததும் ஒரு வரி பூதாகாரமாகவும் இன்னொன்று சாய்ந்தும் தெரிகிறது

லாக்கில் மார்க்டவுன், அதாவது சில குறிகளை வைத்து எழுத்தை வடிவமைக்கும் முறை, வேலை செய்கிறது. வரியின் முதலில் # வந்தால் அது தலைப்பாகிவிடும். இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில் உள்ளது சாய்வெழுத்து. வரித் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால் வரிசைப் பட்டியல், நான்கு வெற்றிடம் வந்தால் நிரல் கட்டம்.

நம்மவர்கள் அதிகம் சிக்குவது பெயருக்கு மேல் போடும் கோட்டில். கடைசி வாக்கியத்துக்கு அடுத்த வரியிலேயே ----- என்று இழுத்தால், மேலே உள்ள வாக்கியம் முழுவதும் தலைப்பாக மாறும். கோட்டுக்கு முன் ஒரு வரி காலியாக விடுங்கள், அல்லது கோடே வேண்டாம். நட்சத்திரக் குறி அப்படியே தெரிய வேண்டும் என்றால் அதன் முன் ஒரு \ போடுங்கள்.

லாக்கில் கொடுத்த திருத்தப் புள்ளி வேறு ஊரைக் காட்டுகிறது

கேச் சொன்ன இடத்தில் இல்லாமல் பத்திருபது மீட்டர் தள்ளிக் கிடைத்தால் புதிய புள்ளியை லாக்கில் தருவது நல்ல பழக்கம். ஜியோகேச்சிங்கில் வழங்குவது பாகையும் தசம நிமிடமும். கைபேசி வரைபடத்தில் இருந்து எடுத்தால் தசம பாகை. காரைக்குடியில் ஒரு புள்ளி தசம பாகையில் 10.0735, 78.7800 என்றால் அதையே கேச் வழக்கப்படி வடக்கு 10° 04.410′, கிழக்கு 78° 46.800′ என்று எழுத வேண்டும். புள்ளிக்குப் பின் உள்ளதை 60ஆல் பெருக்கினால் நிமிடம் வரும்.

மறுதிசையில் தசம பாகையாக்கும்போது நிமிடத்தை 60ஆல் வகுக்காமல், பாகைக் குறியை மட்டும் அழித்து 10.0441, 78.468 என்று எழுதினால் தெற்கே மூன்று கிலோமீட்டரும் மேற்கே சுமார் 34 கிலோமீட்டரும் தள்ளிப் போகும். காரைக்குடியில் தேட வேண்டியவர் திருப்பத்தூரையும் தாண்டி நிற்பார்.

எண் சரியாக இருந்தும் புள்ளி தெருவுக்குத் தெரு தாவினால் அது செட்டிநாட்டு வீதிகளின் இயல்பு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள், இருபுறமும் உயர்ந்த சுவர்கள். சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் கருவி தூரத்தைத் தவறாகக் கணக்கிடும். ஒரே புள்ளியைப் பல முறை அளந்து சராசரி எடுக்கும் வேபாயிண்ட் ஆவரேஜிங் வசதியைப் பயன்படுத்துங்கள். நாலு முதல் எட்டு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது 90 நிமிடம் என்பது கார்மின் சொல்லும் கணக்கு. அத்தனை நேரம் தெருவில் நிற்க முடியாது, சாப்பிடப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று எடுத்தாலும் ஒற்றை அளவைவிட மேல். கருவியின் அமைப்புகளில் மேப் டேட்டம் (புள்ளிகளை அளக்கும் அடிப்படை) டபிள்யூஜிஎஸ் 84இல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தளத்தில் பதிந்தாயிற்று, கருவியில் இன்னும் எடுக்காத கேச்சாகவே நிற்கிறது

விசிட்ஸ் ஃபைல் ஏற்றுவதற்கு மட்டும். எடுத்தது எடுக்காதது என்று கருவி காட்டுவது, தளத்திலிருந்து இறக்கிய, கேச் விவரங்கள் அடங்கிய ஜிபிஎக்ஸ் ஃபைலையும் தன் சொந்தப் பதிவையும் வைத்து. களத்தில் கைபேசியில் லாக் போட்டிருந்தால் கருவிக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. டிராஃப்ட்களை எல்லாம் பதிப்பித்து முடித்த பிறகு பாக்கெட் குவெரியை, அதாவது கேச் பட்டியலை ஜிபிஎக்ஸ் ஃபைலாகத் தொகுத்துத் தரும் தள வசதியை, புதிதாக ஓடவிட்டு இறக்குங்கள், ஒரு குவெரியில் 1000 கேச் வரை வரும். கார்மின் ஃபோல்டருக்குள் ஜிபிஎக்ஸ் என்ற உள் ஃபோல்டரில் பழையதை நீக்கிப் புதியதைப் போடுங்கள். பழையது அங்கேயே இருந்தால் ஒரே கேச் இரண்டு ஃபைலில் இருந்துகொண்டு பழைய நிலையையே காட்டும்.